வினிகரா, ஸ்மியரா, எச்பிவியா? ஒரு மாவட்டத்தின் கணக்கு

ஒரு மாவட்டம் முழுக்கக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்த வேண்டும். கையில் இருப்பது அளவான பணம், அதைவிட அளவான ஆட்கள். பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்கு மூன்று வழிகள் உண்டு. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. ஒன்று. செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர் இன்னொன்று. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி பரிசோதனை மூன்றாவது. யாரைக் கேட்டாலும் எச்பிவிதான் சிறந்தது என்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி மெஷின் வாங்கினால், அது உறை பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கவும் வாய்ப்புண்டு.

இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கீடு. இறந்தவர்கள் 80,000க்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பக்கம், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டபோது, வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. மாநிலங்களில் இது முன்வரிசை. முன்வரிசையிலேயே பத்தில் ஒன்பது பேர் விடுபட்டிருக்கிறார்கள். மூன்று பரிசோதனைகளையும் ஒப்பிடும்போது இந்த எண்ணை மறந்துவிடக் கூடாது. எந்தச் சோதனை கூர்மையானது என்பது ஒரு கேள்வி. எந்தச் சோதனையை வைத்து விடுபட்டவர்களை எட்ட முடியும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தப் புற்றுநோய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இதன் வேகம். எச்பிவி தொற்று பெரும்பாலான பெண்களுக்கு வாழ்வில் ஒருமுறை வந்து, ஓரிரு ஆண்டில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கிவிட்ட சிலருக்குத்தான் செல்கள் மாறத் தொடங்கும். அது புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் எப்போது கண்டுபிடித்தாலும் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ நீக்கிவிடலாம். அதாவது இங்கே ஸ்கிரீனிங் என்பது நோயைச் சீக்கிரம் பிடிப்பதோடு நிற்பதில்லை, நோய் வராமலே தடுக்கிறது.

எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி இல்லை. தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு தைராய்டு ஸ்கேனும் சேர்த்து எடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. இறப்பு விகிதமோ அசையவே இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் சுரப்பியைப் பறிகொடுத்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ‘முழு உடல் கேன்சர் செக்கப்’ விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, மூன்று வழிகளுக்கு வருவோம்.

கண்ணும் அசிட்டிக் அமிலமும்

2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் வி.ஐ.ஏ.வைத்தான் தேர்ந்தெடுத்தது. 30 முதல் 65 வயதுவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2007இல், தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது.

செய்முறை எளிது. திரை போட்ட ஓர் அறை, ஒரு கட்டில், உள்ளே பார்க்க விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம், நல்ல வெளிச்சம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை ஸ்டாஃப் நர்ஸ் கர்ப்பப்பை வாயில் ஒற்றுகிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். லேப் வேண்டாம், கரண்ட் போனாலும் டார்ச் போதும், ரிசல்ட் அங்கேயே. கிட்டத்தட்ட வினிகர்தான், விலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. கேம்ப் நாளில் வெளியே பெஞ்ச் நிறையப் பெண்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், “சிஸ்டர், பஸ்ஸு போயிரும்” என்கிறார்கள். ஒரு நிமிடம் இருபது நொடியாகிறது. அவசரத்தில் வெள்ளை தெரியாது. தெரிந்தாலும் குழப்பம் உண்டு. வெறும் புண்ணும் அழற்சியும்கூட வெள்ளையாகும். பத்து நர்ஸ்கள் ஒரே கர்ப்பப்பை வாயைப் பார்த்தால் ஒரே பதில் வராது. பாப் ஸ்மியரில் ஸ்லைடு இருக்கும், சந்தேகம் வந்தால் இன்னொருவர் எடுத்துப் பார்க்கலாம். இதில் ரெஜிஸ்டரில் ‘நெகட்டிவ்’ என்ற சொல் மட்டும்தான் மிஞ்சும். யார் சரியாகப் பார்க்கிறார், யார் பார்க்கவில்லை என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னொரு தொல்லை: செல் மாற்றம் நிகழும் வளையம் உள்ளே ஏறிப்போயிருக்கும், கண்ணுக்கு எட்டாது. 65 வயதுவரை என்று வழிகாட்டுதலில் எழுதியிருந்தாலும், ஐம்பதைத் தாண்டியவருக்கு வி.ஐ.ஏ. தரும் ‘நெகட்டிவ்’ வலுவானது இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இதைத் தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டமே அதற்குக் காரணம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000இல் தொடங்கிய ஆய்வு அது. கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேருக்கு வி.ஐ.ஏ. அழைப்பு. வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். இன்னொரு பகுதியில் வழக்கமான சிகிச்சை வசதி மட்டும். ஒரே ஒரு சுற்றுதான். 2006 முடிய இரு பக்கமும் கணக்குப் பார்த்தபோது, பரிசோதனை நடந்த கிராமங்களில் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, இறப்பு 35 சதவீதம் குறைவு. டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் எழுதப்பட்ட இந்த முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது.

அந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. வி.ஐ.ஏ. பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு அதே வருகையில் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), பொருத்தமாக இருந்தால் அங்கேயே நர்ஸ் கையால் உறைய வைக்கும் சிகிச்சை. “ஜி.எச்.சுக்குப் போய்ப் பாரும்மா” என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. பெரிய புண்ணோ புற்றுநோயோ என்றால்தான் டாக்டரிடம். அந்த 35 சதவீதத்தில் பஞ்சுக்கும் அமிலத்துக்கும் எவ்வளவு பங்கோ, அந்த ஒரே நாள் சிகிச்சைக்கும் குறையாத பங்கு உண்டு என்பேன்.

பாப் ஸ்மியர்: பணக்கார நாடுகளின் பழைய வழி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பின்லாந்து 1960களில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மியர் என்று நாடு தழுவிய திட்டம் தொடங்கி, இந்தப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக்கியது. பரிசோதனையில் குறை இல்லை. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் வேண்டும், அவர்கள் நாள் முழுக்க ஸ்லைடு பார்க்க வேண்டும், மேலே ஒரு பேதாலஜிஸ்ட் சரிபார்க்க வேண்டும். கண் அசந்தால் போயிற்று. ரிப்போர்ட் வர வாரக்கணக்கு. ஒரு ஸ்மியர் தவறவிட்டதை அடுத்த ஸ்மியர் பிடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் தவறாமல் செய்துகொள்ளும் ஒருவருக்கு இது இன்றும் நல்ல சோதனை. ஒரு மாவட்டத் திட்டத்துக்கு, இப்போது புதிதாகத் தொடங்குவதானால், இதை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். வைத்திருந்த நாடுகளே கைவிடுகின்றன. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மியர் என்பதை விட்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனைக்கு மாறிவிட்டது.

ஆனால் ஸ்மியரின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது, அது மூன்று சோதனைக்கும் பொது. இங்கிலாந்தில் 1960களிலிருந்தே ஸ்மியர் உண்டு. கேட்டவருக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு எடுத்தார்கள். வந்ததெல்லாம் பெரும்பாலும் இளம் பெண்கள், அதிலும் திரும்பத் திரும்ப அதே பெண்கள். இறப்பு எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. 1988இல் கம்ப்யூட்டர் பட்டியல் வைத்து, பரிசோதனைக்குரிய வயதில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயரிட்டுக் கடிதம் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். 42 சதவீதமாக இருந்த பங்கேற்பு 1994க்குள் 85 ஆனது. அதன் பிறகுதான் நோயும் இறப்பும் வேகமாக இறங்கின. சோதனை அதேதான். மாறியது பட்டியல்.

வைரஸைத் தேடுவது

எச்பிவி சோதனை நோயைத் தேடுவதில்லை, நோய்க்கு முந்தைய காரணத்தைத் தேடுகிறது. அதனால் அதன் ‘நெகட்டிவ்’ மற்ற இரண்டையும்விட நம்பத்தக்கது. இதை உலகுக்கு உறுதியாகக் காட்டியதும் இந்தியக் கிராமங்கள்தான்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டம், இப்போது தாராசிவ். 1999இல் தொடங்கி 52 கிராமக் குழுக்களைச் சேர்ந்த 30 முதல் 59 வயதுப் பெண்கள் 1,31,746 பேரை நான்காகப் பிரித்தார்கள்: எச்பிவி, ஸ்மியர், வி.ஐ.ஏ., பரிசோதனை இல்லாத நான்காவது குழு. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தடவை. எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், எச்பிவி குழுவில் 34 பேர் இறந்திருந்தார்கள், பரிசோதனை இல்லாத குழுவில் 64 பேர். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோயும் பாதிக்குக் கீழே. ஸ்மியர் குழுவிலும் வி.ஐ.ஏ. குழுவிலும் இறப்பு சொல்லும்படி குறையவில்லை. எச்பிவி நெகட்டிவ் வந்த பெண்களில் ஒருவர்கூட அந்த எட்டு ஆண்டில் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த நான்காவது குழுப் பெண்களுக்குப் பரிசோதனையே தரப்படவில்லை. ஸ்மியர் பலன் தரும் என்று உலகம் அறிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, ஏழைப் பெண்களை இப்படி ஒதுக்கி வைத்து ஒப்பிட்டது சரியா என்று மருத்துவ அறவியலாளர்கள் கடுமையாகக் கேட்டார்கள். இந்தியாவில் அப்போது அதுதான் வழக்கமான நிலை என்பது ஆய்வாளர்கள் தரப்புப் பதில். பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் அந்த 64 பேரின் கணக்கை வைத்துத்தான் இன்று உலகமே முடிவெடுக்கிறது. அப்படியிருக்க அவர்கள் வாழ்ந்த நாட்டிலேயே அந்தச் சோதனை இன்னும் சாதாரணப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பது உறுத்துகிறது.

சரி, திண்டுக்கல்லில் வேலை செய்த வி.ஐ.ஏ. உஸ்மானாபாத்தில் ஏன் வேலை செய்யவில்லை? மும்பையில் இன்னொரு ஆய்வு நடந்தது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பத்தாம் வகுப்பு அளவில் படித்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் கையால் வி.ஐ.ஏ., இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு சுற்று. இறப்பு 31 சதவீதம் குறைந்தது. ஆக, மூன்று இடத்தில் இரண்டில் பலன், ஒன்றில் இல்லை. என் கணிப்பு இதுதான். வி.ஐ.ஏ. என்பது செய்பவரின் கையையும், தொடரும் சிகிச்சையையும் முழுக்க நம்பியிருக்கும் சோதனை. திண்டுக்கல்லில் சிகிச்சை அதே இடத்தில் கிடைத்தது. மும்பையில் ஒரு சுற்றில் தவறியதை அடுத்த சுற்று பிடித்தது. அங்கே புற்றுநோய் எண்ணிக்கை குறையவில்லை, இறப்புதான் குறைந்தது. சீக்கிரம் கண்டுபிடித்து உடனே சிகிச்சைக்குச் சேர்த்ததன் பலன் அது. பொறுப்பான மேற்பார்வை இருந்த ஆய்விலேயே இப்படி மேலும் கீழும் ஆடும் ஒரு சோதனை, ஆய்வு முடிந்து சாதாரண பி.எச்.சி.யின் அன்றாட வேலையாகும்போது இன்னும் ஆடும். எச்பிவி சோதனையை மெஷின் செய்கிறது. திங்கள்கிழமை கூட்டத்தில் ஒரு பதில், வெள்ளிக்கிழமை வேறு பதில் என்று அது சொல்லாது.

2021இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்பிவி சோதனையையே முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதில் தொடக்கம், ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே, இன்னும் அடிக்கடி. 2030க்கான அதன் இலக்கு, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒன்று, 45க்குள் இன்னொன்று. வாழ்நாளில் இரண்டே சோதனை.

தானே எடுத்துக்கொள்ளும் மாதிரி

எச்பிவியின் மிகப் பெரிய லாபம் எனக்குத் தெரிந்து அதன் கூர்மை இல்லை. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒரு சின்னத் தூரிகை அல்லது பஞ்சு வைத்த குச்சி. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே விட்டுச் சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். கட்டிலில் காலை விரித்துப் படுக்க வேண்டியதில்லை, ஸ்பெகுலம் இல்லை, தெரிந்த முகத்துக்கு முன்னால் கூச்சமும் இல்லை. பி.எச்.சி.க்கு வராத பெண்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு?” என்பது முதலில் வரும். கொஞ்சம் பேசியபின், “அங்க போய்ப் படுக்க ஒரு மாதிரியா இருக்குக்கா” என்பார்கள். முதல் காரணத்துக்கு விளக்கம் சொல்லலாம். இரண்டாவதற்கு விளக்கம் உதவாது, முறையை மாற்ற வேண்டும். மலேசியா 2018 முதல் இப்படித்தான் செய்து பார்க்கிறது, ரிசல்ட் கைபேசிக்கு வருகிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் திறந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. தானே எடுத்த மாதிரியும் நர்ஸ் எடுத்ததும் ஒரே தரம் என்பது, வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வகைச் சோதனைகளுக்குத்தான். வேறு வகை கிட்களில் தானே எடுத்த மாதிரி பின்தங்குகிறது. டெண்டர் போடுபவர் விலையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 2025இல் எய்ம்ஸ் உள்ளிட்ட மூன்று அரசு ஆய்வகங்கள் சரிபார்த்து ஏற்ற இரண்டு இந்தியத் தயாரிப்புகளும் பி.சி.ஆர். வகைதான். ஒன்று டிபி பரிசோதனைக்காக ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கும் ட்ரூநாட் கருவியில் ஓடுவது. இது வேலையைப் பாதி சுலபமாக்குகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

20 லட்சம் மக்கள் உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 65 வயதுப் பெண்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் இருப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. என்றால் ஆண்டுக்கு 90,000. வேலை நாள் 300 எனில் நாளுக்கு 300 பெண்கள். உஸ்மானாபாத்தில் வி.ஐ.ஏ. பாசிட்டிவ் 14 சதவீதம், திண்டுக்கல்லில் 10. அதாவது தினமும் 30 முதல் 40 பேருக்கு அடுத்த கட்டம் தேவை. அதில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது, ஆனால் பார்த்தே ஆக வேண்டும்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி என்றால் நாளுக்கு 150 மாதிரிகள். பாசிட்டிவ் பத்து சதவீதம் எனில் 15 பேர். அந்த 15 பேருக்கு மட்டும் வி.ஐ.ஏ. அல்லது கால்போஸ்கோப்பி பார்த்தால் போதும். ஒரு நர்ஸ் நாளெல்லாம் ஆரோக்கியமான பெண்களைப் பார்த்துக் களைத்துப் போவதற்குப் பதிலாக, தேவைப்படும் சிலரை நிதானமாக, அந்த முழு நிமிடமும் காத்திருந்து பார்க்கலாம். வி.ஐ.ஏ.வை ஒழிக்க வேண்டாம், வரிசையில் அதன் இடத்தை மாற்றினால் போதும்.

மெஷின் எங்கே வைப்பது? ட்ரூநாட் போன்ற சின்னக் கருவி ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் போல எடுக்கும், நான்கு வாய் உள்ள கருவியில் நாளுக்கு இருபதைத் தாண்டி ஓட்டலாம். பெண் காத்திருந்து அன்றே ரிசல்ட் வாங்கலாம். ஆனால் டிபி வேலையோடு போட்டி வரும், ஒவ்வொரு சோதனைக்கும் கருவியில் போடும் சிப்பின் விலையும் அதிகம். மாவட்ட மருத்துவக் கல்லூரியில் கோவிட் காலத்தில் உருவான ஆர்.டி.பி.சி.ஆர். லேப் இருந்தால் ஒரே ஓட்டத்தில் தொண்ணூறு மாதிரிவரை பார்க்கலாம், இரண்டு ஓட்டத்தில் அன்றைய வேலை முடியும். செலவு குறைவு. ரிசல்ட்தான் தள்ளிப் போகும், பெண்ணை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். சமவெளிக் கிராமங்களுக்கு லேப், கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்ற இடங்களுக்குச் சின்னக் கருவி என்று கலந்து வைப்பேன். மலையிலிருந்து இறங்கி வந்தவரை “ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பினால், அவர் வரமாட்டார்.

மறுபடி தேடிப் பிடிக்கும் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஆள் பலம் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் பிபி, சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீட்டில் யார் என்ன வயது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விவரம்தான் இங்கிலாந்தின் கம்ப்யூட்டர் பட்டியலுக்கு நம்மிடம் உள்ள மாற்று. ஒரே சந்தேகம் ஊதியம். இருக்கிற வேலைக்கே கொஞ்சம் பணம் வாங்கும் பெண்கள் தலையில் இன்னொரு ரெஜிஸ்டரைக் கட்டினால், பெட்டிகள் டிக் ஆகும், மாதிரி வராது.

எச்பிவியில் உள்ள முள்

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று கேட்டவர் காதில் விழும். அதைவிட மோசம், எச்.ஐ.வி. என்றே விழும். இது பாலுறவு வழி வரும் வைரஸ் என்று தெரிந்ததும் வீட்டில் கேள்வி எழும். பத்து, இருபது ஆண்டுக்கு முன் வந்த தொற்றாகவும் இருக்கலாம், யாரிடமிருந்து என்று சொல்லவே முடியாது என்பதைப் பொறுமையாக விளக்க ஓர் ஆள் வேண்டும். கைபேசிக்கு ‘எச்பிவி பாசிட்டிவ்’ என்று மொட்டையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. குடும்பத்துக்கு ஒரே கைபேசி, அதுவும் கணவர் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் நிறைய.

இன்னொரு முள் சிகிச்சை. பழைய உறைய வைக்கும் முறைக்குக் காஸ் சிலிண்டர் வேண்டும், அது தீர்ந்தால் வருவதற்குள் மாதம் ஓடும். இப்போது பேட்டரியில் ஓடும், சூட்டால் நீக்கும் கைக்கருவி வந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. எச்பிவி கிட் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஒவ்வொரு வட்டார ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி ஒன்றையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இருவரையும் முதலில் வைக்காவிட்டால், சோதனையைத் தொடங்கவே கூடாது என்பேன். கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுச் சிகிச்சை தராமல் விடுவது, சொல்லாமல் விடுவதைவிடக் கொடுமை.

ஆகவே என் தேர்வு: சிகிச்சை வசதி தயாரான வட்டாரங்களில், 35 வயதிலும் 45 வயதிலும் தானே எடுத்துக்கொள்ளும் எச்பிவி, பாசிட்டிவ் வந்தவர்களுக்கு வி.ஐ.ஏ. பார்த்து அதே நாளில் சிகிச்சை. பணம் மிஞ்சினால் இதுவரை ஒருமுறையும் செய்துகொள்ளாத ஐம்பது வயதுக்காரர்களுக்கும் ஒன்று, ஏனென்றால் வி.ஐ.ஏ.வால் அவர்களுக்குப் பயன் குறைவு. எச்பிவி எட்டாத வட்டாரங்களில் வி.ஐ.ஏ. தொடரட்டும், ஆனால் நாளுக்கு இத்தனை என்ற இலக்கை எடுத்துவிட்டு. திட்டம் பலன் தந்ததா என்று எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணை வைத்து அளக்க வேண்டாம். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதை மாதாமாதம் கேட்டால் போதும். இறப்பு குறைந்ததும் திட்டத்துக்கே முழுப் பேரையும் கொடுத்துவிடவும் முடியாது: 1980களின் தொடக்கத்திலிருந்து கணக்கு வைக்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், பெரிய ஸ்கிரீனிங் எதுவும் இல்லாமலே இந்த நோயின் விகிதம் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கல்யாண வயது கூடியதும், பிள்ளைப்பேறு குறைந்ததும், வசதிகள் பெருகியதும் அதில் சேர்த்தி.

தடுப்பூசி வருகிறதே, இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த திட்டம் 14 வயதுச் சிறுமிகளுக்கு. அவர்கள் முப்பதைத் தொட 2040 தாண்டிவிடும். இன்று முப்பதைத் தாண்டிய அவர்கள் அம்மாக்களுக்குத் தடுப்பூசியால் பெரிய பலன் இல்லை, ஸ்கிரீனிங் ஒன்றுதான் வழி.

மாவட்டம் முடிவெடுக்கும்வரை என்ன செய்வது என்று வீட்டில் யாராவது கேட்டால்: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. இலவசம், முப்பது தாண்டி இதுவரை செய்துகொள்ளாதவர் எச்பிவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காசு கொடுத்துச் செய்துகொள்ள முடிந்தவர் தனியார் லேபில் எச்பிவி டிஎன்ஏ என்று கேட்டுச் செய்துகொண்டு, நெகட்டிவ் வந்தால் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுவரை நிம்மதியாக இருக்கலாம். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருப்பவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர் எந்த ஸ்கிரீனிங் வரிசையிலும் நிற்காமல் நேராக மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும்.